பந்து கற்பித்த உபாத்தியாயர்

பொழுது சாய்ந்து மலைப்பக்கமிருந்து காற்று இறங்கத் தொடங்கியதும், பள்ளிக்கூடப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுப் பந்தைத் தேடி ஓடுகிற பிள்ளை சிவகிரியில் உங்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான். தண்ணீர் வற்றிய குளத்துத் தரையிலோ அறுப்பு முடிந்த வயலிலோ இருட்டும்வரை உதைத்துவிட்டு, முழங்காலில் சிராய்ப்போடு வந்து வாசலில் நிற்பான். அவனைக் கண்டதும் பந்து சோறு போடுமா என்று கேட்பீர்கள். கேட்பது நியாயந்தான். சோறு எங்கிருந்து வருகிறது என்பது பெற்றவர்களுக்கல்லவா தெரியும்!

அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் நான் பதில் சொல்லப் போவதில்லை. பந்து விளையாடி, பிறகு பந்து விளையாடக் கற்றுக்கொடுத்து, அதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஒரு பள்ளி உபாத்தியாயரின் சரித்திரத்தை மட்டும் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லுகிறேன். பகலில் பாடம் நடத்திவிட்டு மாலையில் மைதானத்துக்குப் போன அவர், இந்தியாவுக்கு இரண்டு தங்கப் பதக்கங்களைத் தேடித் தந்தார். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்தில் இன்றும் பெரியவர்கள் ரகீம் சாகிப் என்றே மரியாதையோடு சொல்லுவார்கள்.

1909ஆம் வருஷம் ஆகஸ்டு 17ஆம் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாமின் ராஜ்யம். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். படிக்கிற காலத்தில் அவர் நல்ல ஆட்டக்காரர். பின்னர் உள்ளூர்க் கழகங்களுக்காகவும் ஆடினார். ஆனால் அந்த நாளில் நம் தேசத்தில் பந்து ஆடுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பார் கிடையாது. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடிச் சம்பாதித்து, கால் ஓய்ந்தபின் பயிற்சியாளராகி, அதிலும் சம்பாதித்தவர்கள் உண்டு. இங்கே ஆட்டம் ஒரு பக்கம், பிழைப்பு வேறு பக்கம். ஆகவே ரகீம் பள்ளிக்கூட உத்தியோகத்தில் அமர்ந்தார். தேகப்பயிற்சியிலும் முறையாகப் படித்துத் தேர்ச்சி பெற்றார். ஐதராபாத்தின் பல பள்ளிகளில் வேலை பார்த்தார். நம் ஊர்ப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர் என்று கூப்பிடுவோமே, ஏறக்குறைய அந்த ஸ்தானந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியானார். சாகும்வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. 1950இல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. அங்கேதான் அவருடைய உபாத்தியாயர் குணம் முழுமையாக வெளிப்பட்டது.

வாசகரே, நம் பிள்ளைகள் ஆடுவதைச் சற்று நின்று பாருங்கள். பந்து கிடைத்தவன் அதை விடமாட்டான். நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு தானே கோல் போடவேண்டும் என்று ஆசைப்படுவான். பக்கத்தில் கூட்டாளி கத்துவது அவன் காதில் விழாது. அந்தக் காலத்து ஐதராபாத்திலும் இதே கதைதான். பந்தைக் காலோடு ஒட்டவைத்து நெளிந்து வளைந்து ஓடுகிறவனுக்கே ஜனங்கள் கை தட்டினார்கள். இதை மாற்ற ரகீம் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஆட்டத்தின் சட்டத்தையே மாற்றிப் போட்டி நடத்தினார். ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது; வந்ததும் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழகாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும். வலதுகால்காரன் இடதுகாலால் ஆடவேண்டும். முதலில் பையன்கள் தடுமாறியிருப்பார்கள், வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் நாளாவட்டத்தில் இரண்டு காலும் பேசத் தொடங்கின. தலையை நிமிர்த்திக் கூட்டாளி எங்கே நிற்கிறான் என்று பார்க்கும் பழக்கமும் வந்தது. கணக்கு வராத பையனுக்குப் புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் சொல்லித் தருகிற வாத்தியாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரகீமின் யுக்தியும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பம்பாயில் அந்நாளில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. கல்கத்தாவின் பெரிய அணிகள் எல்லாம் திகைத்து நின்றன. டூராண்டு கோப்பையும் பலமுறை அவர்கள் கைக்கு வந்தது.

பலராம் என்ற பையனின் சங்கதியையும் இங்கே சொல்லவேண்டும். சிக்கந்தராபாத்துக்கு அருகில் அம்முகூடா என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். ஆட்டம் அவன் காலில் இருந்தது. ஐதராபாத்துக்கு வந்து போகக் கையில் காசு இல்லை. அதை அறிந்த ரகீம், வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளத் தம் பையிலிருந்தே பணம் கொடுத்து அவனைப் பயிற்சிக்கு வரவழைத்தார். உபாத்தியாயர் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது. அந்தத் துளசிதாஸ் பலராம்தான் பின்னாளில் இரண்டு ஒலிம்பிக்கில் ஆடி, இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பெயரெடுத்து, 2023இல் காலமானார்.

இனி தேசத்து அணியின் கதைக்கு வருவோம். 1951இல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரகீம் பயிற்சி அளித்த இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கம் பெற்றது. மேவாலால் போட்ட கோல் அது. ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆனால் அடுத்த வருஷமே சறுக்கல். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவோடு மோதி 10க்கு 1 என்று தோற்றோம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிர்ந்த ஈரத் தரை. எதிரே பூட்ஸ் அணிந்த முரட்டுக் கால்கள். வெறுங்காலே நமக்கு அழகு என்று அதுவரை பெருமை பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகே நம் தேசத்தில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. பத்து கோல் வாங்கின அணியின் பயிற்சியாளர் வெட்கத்தில் ஒதுங்கிப் போயிருக்கலாம். இவர் போகவில்லை. ஐரோப்பாவில் ஹங்கேரிக்காரர்கள் அப்போது புதுவிதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நடு முன்னணி ஆட்டக்காரன் பின்னுக்கு இறங்கி, எதிராளியின் காவலர்களை இழுத்துக் கலைப்பான். அந்த முறையை ரகீம் நம்மவர்களுக்குக் கற்பித்தார்.

நாலு வருஷம் கழித்து 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அது பலித்தது. போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவையே 4க்கு 2 என்று வென்றோம். பம்பாய் வாலிபர் நெவில் டிசூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய தேசம் இந்தியாவே. அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. டிசூசா முதல் கோலைப் போட்டு நம்பிக்கை கொடுத்தார். ஆனால் 4க்கு 1 என்று தோற்றோம். பல்கேரியாவிடமும் தோற்று நாலாவது இடம் பெற்றோம். பதக்கம் இல்லை. ஆனால் பத்துக்கு ஒன்று என்ற கணக்கு நாலுக்கு ஒன்றாகியதைக் கவனியுங்கள்.

1960 ரோமாபுரி ஒலிம்பிக்கில் இன்னும் நன்றாக ஆடினோம். ஹங்கேரியிடம் 2க்கு 1 என்றுதான் தோற்றோம்; பிரான்சோடு 1க்கு 1 என்று சமன் செய்தோம். பெருவிடமும் தோற்றதால் மேலே போகவில்லை. இந்த அணியில் ரகீமின் சொந்த மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலும் அவர் களத்தில் இறங்கவில்லை. மகனை வெளியே உட்காரவைத்த தகப்பனின் மனம் எப்படி இருந்திருக்கும்? பிள்ளை பெற்றவர்கள் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1962க்கு வருகிறோம். ஜக்கார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2க்கு 0 என்று தோற்றார்கள். அடுத்து தாய்லாந்தை 4க்கு 1 என்று வென்றார்கள். ஆனால் காவலர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் பலத்த காயம், தையல் போடவேண்டியதாயிற்று. ஜப்பானை 2க்கு 0 என்று தாண்டினார்கள். அரையிறுதிக்கு முன் ரகீம் ஒரு காரியம் செய்தார். தலையில் தையலோடு இருந்தவரைப் பின்வரிசையில் வைத்தால் பந்தைத் தலையால் முட்டவேண்டிவரும். வெளியே உட்காரவைத்தாலோ அணியின் பலம் போய்விடும். ஆகவே ஜர்னெயிலை முன்வரிசைக்கு அனுப்பினார்! கோலைத் தடுத்துப் பழகியவரைக் கோல் போட அனுப்பினால் யார்தான் தலையில் அடித்துக்கொள்ள மாட்டார்கள்? ஆனால் உபாத்தியாயருக்குத் தம் மாணாக்கனைத் தெரியும்; இளமையில் ஜர்னெயில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர்தாம். தென் வியட்நாமை 3க்கு 2 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே அதே தென்கொரியா. அதைவிடப் பெரிய எதிரி வெளியே காத்திருந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசிய அரசாங்கம் இடம் கொடுக்காததை இந்தியப் பிரதிநிதியான சோந்தி கண்டித்திருந்தார். அதனால் ஊர் ஜனங்களுக்கு இந்தியர் மேல் கடுங்கோபம். நம் தூதரகமே தாக்கப்பட்டது. மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். நம் பிள்ளைகள் இறங்கியதும் எழுந்த இரைச்சல் ஆட்டம் முடியும்வரை ஓயவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நம் பக்கம் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

அன்று கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்தவர்; ஆறடிக்கு மேல் உயரம். நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் பட்டாளத்தில் சேர்ந்து பெயரெடுத்தவர். அந்தப் பட்டாள அணி 1955இலும் 1958இலும் டூராண்டு கோப்பையை வென்றது. ஜக்கார்த்தாவில் காய்ச்சலால் ஒதுங்கியிருந்தவரை இறுதி ஆட்டத்துக்கு ரகீம் இறக்கினார். கொரியர் உயரமாக அடிக்கும் பந்துகளைப் பிடிக்க அந்த உயரம் வேண்டியிருந்தது. 17ஆம் நிமிஷத்தில் பிரதீப் குமார் பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிஷத்தில் தையல் போட்ட தலையோடு ஜர்னெயில் ஒரு கோல். கொரியர் கடைசிக் கட்டத்தில்தான் ஒன்று திருப்பினார்கள். 2க்கு 1. வங்காளி, பஞ்சாபி, ஐதராபாத்துக்காரர், கோவாக்காரர் என்று பல ஊர் வாலிபர்கள் மேடை ஏற, தலைவர் சுனி கோஸ்வாமி முன்னே நிற்க, தங்கப் பதக்கம் அவர்கள் கழுத்தில் விழுந்தது.

முந்தின இரவு தம் மாணாக்கர்களிடம் ரகீம் ஒரே ஒரு வெகுமதி கேட்டாராம்; அது அந்தத் தங்கந்தான் என்று ஆடினவர்கள் சொன்னார்கள். அப்போதே அவர் தேகம் நலிந்திருந்தது. நுரையீரலில் புற்றுநோய். ஊர் திரும்பி ஒன்பது மாதங்களே இருந்தார். 1963ஆம் வருஷம் ஜூன் 11ஆம் தேதி, 53 வயதில், ஐதராபாத்தில் கண்ணை மூடினார்.

அவருக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடியதே இல்லை. 1960 ரோமாபுரிதான் கடைசி. ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கமும் பிறகு கிடைக்கவில்லை. பயிற்சியாளர்களைக் கௌரவிக்கும் துரோணாச்சாரியா விருதை அரசாங்கம் 1985இல்தான் ஏற்படுத்தியது. அதற்கு 22 வருஷம் முன்னமே அவர் போய்விட்டார். 2024இல் இந்தியில் அவர் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள்; அதன் பிறகே பல வீடுகளில் அவர் பெயர் தெரிந்தது.

அவரிடம் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மகன் ஹக்கீம் சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் உழைத்து 2021இல் காலமானார். பானர்ஜியும் ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவரும் பாஷாவும் சேர்ந்து பயிற்சி கொடுத்த இந்திய அணி ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. அந்த அணிக்குத் தலைவர் சையத் நயீமுத்தீன், ரகீம் பிறந்த அதே ஐதராபாத்துக்காரர். பிற்காலத்தில் அவரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றார். 1990இல் அவருக்குத் துரோணாச்சாரியா விருது கொடுத்தார்கள்.