தம்மையே விசாரித்த இமாம்

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) குராசான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091-இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் பேராசிரியராக அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டனர். புகழ் நாடெங்கும் பரவியது.

1095-இல் அந்த நா எழ மறுத்தது. பாடம் சொல்ல வாய் திறந்தால் சொல் வரவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்களும் கைவிட்டனர். குடும்பத்திற்கு வேண்டியதை வைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டளித்து ஷாம் நாட்டிற்குப் புறப்பட்டார்கள். திமிஷ்க் பள்ளிவாசலின் மினாராவில் தாழிட்டுத் தனித்திருந்தார்கள்; பைத்துல் முகத்தஸில் தங்கினார்கள்; ஹஜ்ஜும் செய்தார்கள்.

பதினோராண்டு இடைவெளிக்குப்பின் 1106-இல் நிஷாப்பூரில் மீண்டும் போதிக்கலானார்கள். அதன்பின் தம் வரலாற்றை ‘அல்முன்கிது மினள்ளலால்’ என்னும் நூலாக வரைந்தார்கள். வாழ்ந்தபோது சிதறிக் கிடந்த ஆண்டுகள், எழுதியபோது ஒரே பாதையாகப் புலப்பட்டன. பக்தாதில் தம்மை இயக்கியது இறைவனின் திருப்தியன்று, பெயரும் பதவியும் என்பதை அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். புறத்தே தாம் திரும்பியிருந்தாலும் உண்மையில் திரும்பவில்லை என்றார்கள். அன்று கற்பித்தது பதவியைத் தேடித்தரும் கல்வி, இன்று கற்பிப்பது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி என்று பிரித்துக் கண்டார்கள். ஆயினும் இலக்கை எட்டிவிட்டதாக உரிமை கொண்டாடவில்லை.

1111-இல் தூஸிலேயே இறையடி சேர்ந்தார்கள். மறுமையில் நம் ஏடு விரிக்கப்படுமுன், அதனை நாமே ஒருமுறை நேர்மையாய் எழுதிப் பார்க்கும் துணிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!