எக்ஸ் கதிர் தந்த பாலிடெக்னிக் மாணவர்!

நாலு நாள் காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி, மூச்சு வாங்குது என்று போய் நின்றால் டாக்டர் எழுதித் தருவது ஒரு எக்ஸ்-ரே. அந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன், 1845 மார்ச் 27-இல் ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். வளர்ந்தது ஹாலந்தில். யூட்ரெக்ட் தொழில்நுட்பப் பள்ளியில் யாரோ ஒரு மாணவன் ஆசிரியரைக் கேலிப்படம் வரைந்துவிட்டான். வரைந்தவன் பெயரைக் காட்டிக்கொடுக்க மறுத்த ராண்ட்ஜனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ் இல்லாததால் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர வழியில்லை. சேர்த்துக்கொண்டது சூரிச் பாலிடெக்னிக். நம்முடையதைவிட உயர்ந்த படிப்புதான். ஆனாலும் பெயர் பாலிடெக்னிக்! 1868-இல் டிப்ளமோ, 1869-இல் டாக்டர் பட்டம்.

1895 நவம்பர் 8. வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். கறுப்பு அட்டையால் மூடிய மின்குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது, சற்றுத் தள்ளியிருந்த ஒரு திரை மினுமினுத்தது. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். இவரோ சில வாரங்கள் அந்த அறையே கதியென்று கிடந்தார். டிசம்பர் 22-இல் மனைவி பெர்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. 28-இல் கட்டுரையைக் கொடுத்துவிட்டார். புரியாத கதிர் என்பதால் எக்ஸ் என்று பெயர்.

நுரையீரலுக்கு இதில் என்ன லாபம்? காற்று நிறைந்த நுரையீரல் ஃபிலிமில் கறுப்பாக விழும். நிமோனியாவில் காற்றறைகளில் நீரும் சீழும் தேங்கினால் அந்த இடம் வெள்ளைத் திட்டு. நோய் எங்கே, எவ்வளவு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

குணமாவதைக் கண்காணிக்கப் படம் மட்டும் போதாது. 1930-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அதுதான் சி.ஆர்.பி. அழற்சி வந்தால் கல்லீரல் இதைச் சில மணி நேரத்திலேயே அதிகமாக உண்டாக்கும். அழற்சி அடங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்பதை மூணு நாலு நாளில் ரத்தம் சொல்லிவிடும். எக்ஸ்-ரே திட்டு மெதுவாகத்தான் கரையும், வாரக்கணக்கு ஆகலாம். வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் தாமதம். ஆள் தேறி வரும்போது திட்டு இருக்கிறதே என்று பதறவேண்டாம். ஆனால் ஆறு வாரம் கழித்தும் தொந்தரவு தொடர்ந்தால் திரும்பப் படம் எடுத்தே ஆகவேண்டும். காசநோயோ புற்றுநோயோ பின்னால் ஒளிந்திருக்கலாம்.

ராண்ட்ஜன் நினைத்திருந்தால் காப்புரிமை எடுத்துக் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். எடுக்கவில்லை. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு. அந்தப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணவீக்கம் அவர் சேமிப்பைத் தின்றது. 1923 பிப்ரவரி 10-இல் குடல் புற்றுநோயால் மியூனிச்சில் காலமானார்.

டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், தோழர்களே, சிரித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் லேப்பிலும் எதிர்பாராமல் ஏதாவது மினுங்கினால், ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேன்டீனுக்குக் கிளம்பிவிடாதீர்கள்!