ஆய்வு மாணவர் இராமானுஜன்

கணித மேதை சீனிவாச இராமானுஜனை நாம் எண்களின் வழியே அறிந்திருக்கிறோம். அவரும் ஓர் ஆய்வு மாணவராக வாழ்ந்தவர் என்பதையும், அம்மாணவரின் உடலும் உள்ளமும் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்றுவந்த உதவித்தொகையை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கிற்று. வயிற்றுக் கவலை நீங்கிய பின்னரே ஆய்வு அவருக்கு முழுநேரப் பணியாயிற்று. விதியினும் மாணவரைப் பெரிதாகக் கருதிய அம்முடிவு போற்றுதற்குரியது.

1914இல் பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916இல் ஆய்வின் வழியே பட்டமும் பெற்றார். அறிவுத் துணைக்கு அங்குக் குறைவில்லை. அன்றாட வாழ்வுதான் அவரை வாட்டியது. போர்க்காலத்தில் மரக்கறி உணவு கிடைத்தல் அரிதாயிற்று. தாமே சமைத்து, நேரந்தவறி உண்டார். குளிரில் கம்பளிகளுக்குள் புகுந்து உறங்கவேண்டும் என்பதைக்கூட, உடன் பயின்ற மகலனோபிஸ் காட்டிய பின்னரே அறிந்தார். 1917இல் நோயுற்று, மருத்துவ நிலையங்களில் தனிமையில் கிடந்தார். வீட்டுக் கடிதங்களும் அருகின. மனமொடிந்த அவர், 1918இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. புகழின் வாயிலில் நிற்பவரும் உள்ளுக்குள் உடைந்திருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1919 சனவரியில், சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுதோறும் வழங்க முன்வந்த 250 பவுனில், தம் செலவும் பெற்றோருக்கான 50 பவுனும் போக எஞ்சியதை, ஏழை மாணவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் கல்விக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் பயன்படுத்துமாறு எழுதினார். தாம் பட்ட துன்பம் பிறர் படலாகாது என்னும் உள்ளத்தையே அதில் காண்கிறோம். தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

ஆய்வேடு எத்தனை இயல் முடிந்தது என்று மாணவரை வினவுகிறோம். உண்டாயா, உறங்கினாயா, வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்றும் வினவுவோமாக. ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் இராமானுஜனின் வாழ்வு விட்டுச்சென்ற கடமை இதுவே.