குகையை அளந்த வாத்தியார்

சர்வே பிராக்டிகல் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வெயிலும், அழித்து அழித்து எழுதிய ஃபீல்டு புக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தச் சங்கிலியையும் அடிக்கோலையும் வைத்து மனித குலத்தின் வயதையே மாற்றிப்போட்ட ஒருவர் இருந்தார் என்று படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் பெயர் வில்லியம் பெங்கெல்லி. பட்டதாரி இல்லை. நம்மைப் போல டிப்ளமோகூட இல்லை நண்பர்களே!

1812-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் லூ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்பா சின்னச் சரக்குக் கப்பல் ஓட்டியவர். பன்னிரண்டு வயதிலேயே பையனும் கப்பலில் எடுபிடி வேலைக்குப் போயாச்சு. சில வருடம் கழித்து ஊர் திரும்பி, தானாகவே கணக்குப் படித்து, டார்க்கீ நகரில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். வயிற்றுப்பாட்டுக்கு வாத்தியார் வேலை, மனசெல்லாம் கல், மண், பாறை.

அந்த ஊர்ப் பக்கத்தில்தான் கென்ட்ஸ் குகை இருக்கிறது. 1825 முதல் 1829 வரை ஜான் மெக்எனரி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அங்கே தோண்டினார். குகைத் தரையில் சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி இறுகிய ஒரு தளம், நம்ம கான்கிரீட் மாதிரி. அதற்கு அடியில், அழிந்துபோன மிருகங்களின் எலும்போடு மனிதன் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல் ஆயுதங்களும் கிடந்தன. உலகம் தோன்றி ஆறாயிரம் வருடம்தான் ஆகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பக்லண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்து ஆட்கள் அடுப்புக்குக் குழி வெட்டியிருப்பார்கள், கல் அந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று சொல்லிவிட்டார். எந்த ஆழத்தில், எந்த இடத்தில் எடுத்தது என்று காட்ட அளவுக் குறிப்பு இருந்தால்தானே பதில் சொல்ல முடியும்? பாவம், பாதிரியார் தன் குறிப்புகளை அச்சிடாமலே 1841-ல் இறந்துபோனார்.

பெங்கெல்லிக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். கல்லைக் காட்டினால் எவனும் நம்ப மாட்டான், கல் கிடந்த இடத்தைக் காட்ட வேண்டும்.

1858-ல் பக்கத்து ஊரான பிரிக்ஸ்ஹாமில் கல் உடைக்கும்போது, அதுவரை யாரும் கை வைக்காத ஒரு குகை வெளிப்பட்டது. இவர் அங்கே குழி குழியாகத் தோண்டவே விடவில்லை. மேலடுக்கை முழுக்க எடுத்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. 3 முதல் 8 அங்குலக் கனமுள்ள சுண்ணாம்புத் தளம், உடையாமல் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே கல் ஆயுதங்கள்! இப்போது அடுப்புக் கதை எடுபடுமா? லண்டன் அறிஞர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்கள். அடுத்த வருடமே பிரெஸ்ட்விச், இவான்ஸ் இருவரும் பிரான்ஸின் சோம் ஆற்றுப் படுகைக்குப் போய், அங்கே கிடைத்த கற்களையும் பார்த்து உறுதி செய்தார்கள்.

ஆனால் என்னை அசத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1865 மார்ச்சில் மறுபடி கென்ட்ஸ் குகை. வாசலிலிருந்து உள்ளே ஒரு டேட்டம் கோடு. அதிலிருந்து குறுக்கே கோடுகள். ஒரு கஜ நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், இவ்வளவுதான் ஒரு கட்டி. ஒவ்வொரு கட்டி மண்ணையும் முதலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிளறிப் பார்ப்பார்கள், பிறகு வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் இன்னொரு தரம். கிடைத்ததெல்லாம் தனிப் பெட்டியில், நம்பரோடு. அனேகமாகத் தினமும் குகைக்கு நடந்தார். 1880 ஜூனில்தான் வேலை முடிந்தது. பதினைந்து வருஷம்! நமக்கு மூணு வருஷமே இழுக்கிறது.

மெக்எனரி 1826-ல் வாள்பல் புலியின் பற்களை எடுத்ததாகச் சொன்னதைப் பலர் சந்தேகப்பட்டார்கள். பெங்கெல்லி ஏழு வருடம் தோண்டியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. 1872-ல் ஒரே ஒரு பல் கிடைத்தது. செத்து முப்பது வருடம் ஆன பாதிரியாரின் பேச்சு உண்மையானது. அவருடைய கையெழுத்துக் குறிப்புகளை 1869-லேயே முழுசாக அச்சிட்டவரும் பெங்கெல்லிதான். தானே முதலில் கண்டேன் என்று பேர் தட்டிக்கொள்ளாத மனுஷர் என்பதால் எனக்கு இவரை இன்னும் பிடிக்கும்.

1863-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1894-ல் டார்க்கீயிலேயே காலமானார்.

அதே குகையில் 1927-ல் ஒரு மனிதத் தாடைத் துண்டு கிடைத்தது. டார்க்கீ இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அதன் ஆழத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். அதனால் 2011-ல் விஞ்ஞானிகள் அதற்கு மேலேயும் கீழேயும் கிடைத்த மிருக எலும்புகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க முடிந்தது. தாடையின் வயது 41,000 வருடத்துக்கும் மேல் என்று வந்தது. பெங்கெல்லியின் குறிப்புப் புத்தகங்கள் டார்க்கீ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெட்டி நம்பரைச் சொன்னால், அந்த எலும்பு குகையில் எந்த அடியில் கிடந்தது என்று இன்றைக்கும் கண்டுபிடித்துவிடலாம்.