ஆனந்தரங்கப் பிள்ளை

விழுப்புரத்தினின்றும் திண்டிவனத்தினின்றும் செஞ்சிக்குச் செல்வார் தேசிங்குராசனை நினைவுகூராதிரார். அவனுக்குப் பின் அக்கோட்டையைச் சூழ்ந்து நிகழ்ந்தவற்றைத் தமிழில் எழுதிவைத்த பெரியாரை நினைப்பாரோ சிலரே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. உறவினராகிய நைனியப் பிள்ளை புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷியாய் விளங்கி, பின் அவர்களாலேயே சிறையிடப்பெற்று, 1717இல் சிறையிலேயே உயிர் நீத்தார். ஆள்வோரை அடுத்து நிற்றலின் இடரைக் குடும்பத்திலேயே கண்டவர் நம் பிள்ளை. எனினும் 1747இல் அப்பதவியே அவரை வந்தடைந்தது.

1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வரவு, சரக்கின் விலை, துரைமார் பேச்சு, ஊர்வம்பு யாவும் அதில் இடம்பெற்றன. 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது, பெரும்பதவியிலிருந்தும் அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. அத்துயரையும் அவர் மறையாது வரைந்தார்.

அக்காலத்து நம் அரசர் செய்த பெரும்பிழை, உடன்பிறந்தார் பூசலுக்கும் உறவினர் பகைக்கும் அயலார் படையை இரந்து பெற்றமையே. சந்தா சாகிபு 1749இல் அவ்வுதவிக்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை ஈந்தான். அவ்வாண்டே நவாபு அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் மாண்டான். 1750 செப்டம்பரிற் புஸ்ஸி என்பான் செஞ்சியைக் கைப்பற்றினான். திசம்பரில் அதனருகே நிசாம் நாசிர் ஜங் தன்னைச் சார்ந்த கடப்பை நவாபாலேயே கொல்லப்பட்டான். அவனுக்குப்பின் அமர்ந்த முசாபர் ஜங் நம் பிள்ளைக்கு மன்சப்புப் பதவியும் விருதுகளும் நல்கினான்; 1751இல் அவனும் மடிந்தான். 1752இல் சந்தா சாகிபின் தலையும் வீழ்ந்தது. ஆண்டுக்கொருவராக நால்வர் மாய, எஞ்சியவை இரு கும்பினிகளே.

1754இல் ஆளுநர் துய்ப்ளே திருப்பியழைக்கப்பட்டார். பிள்ளையவர்கள் 1756இற் பதவி இழந்தார். 1760இல் வந்தவாசிப் போரிற் பிரெஞ்சுக்காரர் தோற்றபின், இப்பக்கத்துக் கோட்டைகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் வசமாயின. 1761 சனவரி 16ஆம் நாள் புதுச்சேரியும் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, நோயுற்றிருந்த பிள்ளையவர்கள் காலமாயினார். ஏப்பிரலிற் செஞ்சியும் அடங்கிற்று.

அவரைப் புகழ்ந்து தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். ஆயின் அவர் பெயரை இன்று நிலைநிறுத்துவது அவர்தம் கையெழுத்தேயாம். 1846இல் அக்குறிப்பேடுகள் வெளிப்பட்டன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சேறின. அரசர் ஆவணங்கள் கூறாத பலவற்றை உலகம் இத்தமிழர் வாயிலாகவே அறிகின்றது.

விருதுகள் ஒழிந்தன, கோட்டைகள் பாழாயின, ஏடு நின்றது. அன்பர்காள்! நம் வீட்டுப் பரண்களிற் கிடக்கும் பழங்கணக்குகளையும் பத்திரங்களையும் கடிதங்களையும் குப்பையென எறியாது போற்றுமின். நம் சிறார்க்கும் நாள்தோறும் கண்டதை உள்ளவாறெழுதும் பழக்கத்தை ஊட்டுமின். இப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.