அரேபியாவின் லாரன்ஸ்

இந்த மாத வாழ்க்கை வரலாறு பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டவர் டி.இ.லாரன்ஸ். பாலைவனத்தில் ஒட்டகம் மேல் போகிற வெள்ளைக்காரராக இவரைச் சினிமாவில் சிலர் பார்த்திருப்பீங்க. நான் எழுதப் போவது ஒட்டகத்தைப் பற்றி இல்லை, பைக்கைப் பற்றி.

லாரன்ஸ் 16.8.1888 அன்று வேல்ஸ் நாட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். முதல் உலகப் போரில் துருக்கியரை எதிர்த்த அரபு மக்களோடு சேர்ந்து போரிட்டுப் பெரும் புகழ் பெற்றார். ஆனால் 1922-ல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரண ஆளாகச் சேர்ந்துவிட்டார். அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சியிலும் வேலை பார்த்திருக்கிறார்.

அவருக்கு உயிர், ப்ரஃப் சுப்பீரியர் என்ற பைக். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் போகுமாம். ஒன்றில்லை, ஏழு பைக் வாங்கி ஓட்டினார். எட்டாவதுக்கும் சொல்லி வைத்திருந்தார்!

1935-ல் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் டார்செட் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். மே 13 அன்று தந்தி கொடுக்கப் பக்கத்து ராணுவ முகாமுக்குப் போனார். ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். நம்ம ஊரில் கடைக்குப் போற மாதிரி. திரும்பும்போது சாலை பள்ளத்தில் இறங்கும் இடத்தில் இரண்டு பையன்கள் சைக்கிளில் போனது அவருக்குத் தெரியவில்லை. கிட்டே வந்ததும் வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். பையன்கள் பிழைத்தார்கள். இவர் தலையில் ஒன்றும் போடவில்லை. நினைவு திரும்பாமலே ஆறாம் நாள், மே 19-ல் இறந்தார். வயது 46.

அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். இந்தச் சாவை அவரால் மறக்க முடியவில்லை. அடிபட்ட பைக் ஓட்டிகளைக் கணக்கெடுத்து 1941-ல் கட்டுரை எழுதினார். போர் தொடங்கிய 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 பேர் பைக் விபத்தில் இறந்திருந்தார்கள். ஹெல்மெட் போட்டு அடிபட்டவர்கள் என்று அவருக்குக் கிடைத்தது ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்! அதே வருடம் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

பொதுமக்களுக்குக் கட்டாயம் ஆனது 1973-ல். அப்போது ஈனாக் பவல் என்ற எம்.பி., தன் உயிருக்கு வரும் ஆபத்தை அவரவர்தான் முடிவு செய்யணும், சட்டம் தலையிடக்கூடாது என்று எதிர்த்தார். தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு 1976-ல் விலக்கு கொடுத்தார்கள்.

என் அண்ணனும் பவல் கட்சிதான். என் தலை, என் இஷ்டம் என்பான். ஹெல்மெட் டேங்க் மேல் இருக்கும், போலீஸைப் பார்த்தால்தான் தலைக்கு ஏறும். பவல் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக எனக்கும் படுகிறது. ஆனால் அண்ணன் வர லேட் ஆனால் வாசலில் நிற்பது எங்க அம்மா. அதனால் நான் கெய்ர்ன்ஸ் கட்சி. பாவம், அவர் 1952-லேயே இறந்துவிட்டதால் அந்தச் சட்டத்தைப் பார்க்கவில்லை.

- 9-ஆம் வகுப்பு மாணவி