கடல் மூடியிருந்த காலத்தில் நிலவறையைக் காத்த பெண்

1964ஆம் ஆண்டைப் பர்மாத் தமிழர்கள் எளிதில் மறப்பதில்லை. அந்த ஆண்டில் இராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமற் போயின. ரங்கூன் நகரிலும், க்யிம்யிண்டைங் போன்ற அதன் ஆற்றங்கரைப் பகுதிகளிலும் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பலேறின. பின்னாளில் ஈழத்திலிருந்து போரினால் துரத்தப்பட்டவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். எல்லாம் போன பிறகு, ஒரு குடும்பத் தொழிலில் மிஞ்சுவது எது? இந்தக் கேள்வியோடு, இன்று நம்மவர்கள் பலர் வாழும் பிரான்சில் 200 ஆண்டுகளுக்கு முன் தொழில் நடத்திய ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

பார்ப்-நிக்கோல் பொன்சார்தான் 1777 டிசம்பர் 16இல் ரேம்ஸ் நகரில் பிறந்தார். தந்தை வசதியான துணி உற்பத்தியாளர். 1798இல் பிரான்சுவா கிளிக்கோ என்பவரை மணந்தார். கிளிக்கோ குடும்பத்துக்கும் துணி வியாபாரமே பிரதானம். மாமனார் பிலிப் 1772இல் வைன் வியாபாரத்தையும் தொடங்கியிருந்தார். அதைப் பெரிதாக வளர்க்க ஆசைப்பட்டவர் பிரான்சுவா. ஆனால் 1805இல் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். பார்ப்-நிக்கோலுக்கு அப்போது 27 வயது. கையில் ஒரே மகள்.

மாமனார் வைன் தொழிலை மூடிவிட நினைத்தார். மருமகள் விடவில்லை. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி, மணமான பெண் கணவனின் அனுமதியின்றி வியாபாரம் செய்ய முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. முதலில் ஒரு பங்காளியோடு நடத்தினார். அந்த ஒப்பந்தம் முடிந்ததும், 1810இல் தன் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெயர் வூவ் கிளிக்கோ-பொன்சார்தான். வூவ் என்றால் பிரெஞ்சில் கைம்பெண். நம் ஊர்களில் பெண்ணை மூலையில் உட்கார வைத்த அந்தச் சொல்லை, அவர் நிறுவனத்தின் முதற்சொல்லாக வைத்தார்.

காலமோ மோசமான காலம். நெப்போலியனின் போர்களால் கடல்வழி மூடிக் கிடந்தது. நல்ல வாடிக்கையாளராக இருந்த ரஷ்யாவும் பிரெஞ்சு வைனுக்குக் கதவடைத்தது. விற்க வழியில்லை. ஆனாலும் கொடிகளைக் கவனிப்பதை அவர் நிறுத்தவில்லை. வானில் பெரிய வால்நட்சத்திரம் தெரிந்த 1811இல் திராட்சை அருமையாக விளைந்தது. அந்த வைன் நிலவறையில் காத்திருந்தது.

1814இல் நெப்போலியன் வீழ்ந்தார். மற்ற வியாபாரிகள் வழி முறையாகத் திறக்கட்டும் என்று காத்திருந்தபோது, அவர் இரகசியமாக ஒரு டச்சுக் கப்பலை அமர்த்தி 10,550 போத்தல்களை அனுப்பினார். கூடவே சென்றவர் அவருடைய விற்பனை முகவர் லூயி போன். சரக்கு பிடிபட்டிருந்தால் நிறுவனமே மூழ்கியிருக்கும். பால்டிக் கடற்கரைத் துறைமுகமான கோனிக்ஸ்பர்க்கில் இறங்கிய போத்தல்கள் விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. அடுத்த கப்பல் ரஷ்யத் தலைநகருக்கே போனது.

பெயர் வந்ததும் புதுச் சிக்கலும் வந்தது. ஷாம்பேன் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. அதனால் அடியில் மண்டி தங்கி வைன் கலங்கும். மண்டியை நீக்க வேறு போத்தலுக்கு மாற்றினால் நுரைப்பு குறைந்துவிடும். 1816 அளவில், நிலவறைத் தலைமைப் பணியாளர் அந்துவான் முல்லரோடு சேர்ந்து அவர் ஒரு வழி கண்டார். மேசையில் துளைகள் இட்டு, போத்தல்களைக் கழுத்து கீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பினால் சில வாரங்களில் மண்டி தக்கையில் வந்து சேரும். திறந்தவுடன் அது வெளியே பாய்ந்துவிடும். வைன் தெளிவாக நிற்கும். பிற நிறுவனங்களும் பின்னர் இதையே பின்பற்றின.

மகள் ஒரு பிரபுவை மணந்தார். தொழிலைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. 1821இல் பணிக்கு வந்த எதுவார்ட் வெர்லே என்ற ஜெர்மானிய இளைஞர் தொழிலை அடியிலிருந்து கற்றார். 1831இல் அவரைப் பங்காளியாக்கி, படிப்படியாகப் பொறுப்பை ஒப்படைத்தார். இரத்த உறவைவிடத் தொழில் தெரிந்த கைகளே முக்கியம் என்று அவர் முடிவு செய்தது போலத் தெரிகிறது. 1866 ஜூலை 29இல், 88ஆம் வயதில் பூர்சோவில் காலமானார். நிறுவனம் அதே பெயரில் இன்றும் நடக்கிறது.

அவருக்குச் செல்வமும் சொந்த மண்ணும் இருந்தன. ரங்கூனை விட்டு வந்தவர்களுக்கு அவை இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடல் மூடியிருந்தபோது அவரைக் காத்தவை தொழில் அறிவும், உடன் உழைத்தவர்களும், தூரத்து வாடிக்கையாளரின் நம்பிக்கையுமே. இவற்றை எந்த அரசாணையாலும் பறிமுதல் செய்ய முடியாது. கப்பலேறிய நம் பெரியவர்களும் இவற்றைக் கொண்டுவந்துதான் புதிய ஊர்களில் மீண்டும் கடை திறந்தார்கள். இன்று பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போகிறார்கள். கடையை யாரிடம் விடுவது என்று பலர் கவலைப்படுகிறார்கள். கற்றுக்கொள்ள விரும்புபவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கற்றுக்கொடுத்தால் தொழில் பிழைக்கும். ரேம்ஸ் நகரின் அந்த நிலவறைகள் அதற்குச் சாட்சி.